மிச்சம் பிடிக்கும் டிரைவர், அறுந்துபோகும் இணைப்பு

குலசேகரன்பட்டினம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது முத்தாரம்மன் கோவில் தசரா. அடுத்தது ராக்கெட். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று இங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. ஏன் இந்த ஊர்? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்காகத் தெற்கே கிளம்பும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்காமல் இருக்க வளைந்து போக வேண்டும். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு. சின்ன ராக்கெட்டுக்கு அது ரொம்பப் பெரிய செலவு. குலசேகரன்பட்டினத்திலிருந்து கிளம்பினால் நேர் தெற்கே கடல்தான், தடையில்லை.

இது நல்ல சிக்கனம். போய்ச் சேரும் இடம் மாறவில்லை, வேலை கெடவில்லை, செலவு மட்டும் குறைகிறது. ஆனால் அதே ஊரில் ஒரு மாணவரின் மேஜை மேல் இருக்கும் மடிக்கணினிக்குள் இன்னொரு வகைச் சிக்கனம் நடக்கிறது. அங்கே நெட்வொர்க் கார்டின் டிரைவர் (பஸ் டிரைவர் அல்ல, வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கொஞ்சம் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கார்டைத் தூங்க வைக்கிறது. எழுப்ப வேண்டிய நேரத்தில் கார்டு எழுந்தால் சரி. எழாவிட்டால்? இணைப்பு போச்சு. பழி டவர் மேல்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். டீசல் மிச்சம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எஞ்சினை அணைக்கிறார் ஓட்டுநர். எஞ்சின் நல்ல எஞ்சினாக இருந்தால் பாராட்டலாம். பத்து முறைக்கு ஒரு முறை ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் என்றால்? பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். டீசல் மிச்சம் ஒருவருக்கு, தள்ளும் வேலை இன்னொருவருக்கு. நெட்வொர்க் கார்டு விஷயத்தில் நடப்பதும் இதுதான். அப்படிப்பட்ட கார்டில் இந்தச் சேமிப்பு வசதியைத் தயங்காமல் அணைத்துவிட வேண்டும், அதை முதலில் அணைக்க வேண்டியவர் பயனர் அல்ல, டிரைவரை எழுதியவர் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

கார்டு எப்படித் தூங்குகிறது?

முதலில் வை-ஃபை. 1997 இல் வந்த முதல் 802.11 தரத்திலேயே மின்சேமிப்பு முறை உண்டு. ரூட்டர் வழக்கமாக 102.4 மில்லிவினாடிக்கு ஒரு முறை, அதாவது வினாடிக்குப் பத்து முறை போல, 'பீக்கன்' என்ற சிறு அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். பீக்கன் என்றால் வழிகாட்டும் விளக்கு. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே மணப்பாட்டில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறதே, அது கப்பலுக்குச் செய்யும் வேலையை இது கார்டுக்குச் செய்கிறது. கார்டு "தூங்கப் போகிறேன்" என்று ரூட்டரிடம் சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்துவிடும். அதற்கு வரும் தகவல்களை ரூட்டர் எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த பீக்கனில் "உனக்குத் தபால் வந்திருக்கிறது" என்று ஒரு குறிப்பு போடும். கார்டு சரியாக அந்த நேரத்தில் கண் விழித்து, குறிப்பைப் பார்த்து, தபாலைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பவும் தூங்கிவிடும்.

இரண்டாவது, கம்பி வழி ஈதர்நெட். இதற்கு 2010 இல் 802.3ஏஇசட் என்ற தரம் வந்தது. சுருக்கமாக ஈஈஈ என்பார்கள். தகவல் எதுவும் போகாத நேரத்தில் கம்பியின் இரண்டு முனைகளும் கண் அயரும். ஜிகாபிட் இணைப்பில் விழித்துக்கொள்ள ஆகும் நேரம் சுமார் 16 மைக்ரோவினாடிதான். காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் தெரியாத தூக்கம்.

மூன்றாவது, ஏஎஸ்பிஎம். இது கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையையே தூங்க வைப்பது. நான்காவது, விண்டோஸ் தானே கார்டை முழுவதுமாக அணைத்துவிடுவது.

நான்குமே நல்ல யோசனைகள். சிக்கல் யோசனையில் இல்லை, கூட்டணியில். தூங்குபவரும் எழுப்புபவரும் ஒரே மாதிரி விதியைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். கார்டை ஒரு கம்பெனி செய்கிறது, ரூட்டரை இன்னொரு கம்பெனி, மதர்போர்டை மூன்றாவது, டிரைவரை நான்காவது ஆள் எழுதுகிறார். ஒருவர் நேரக் கணக்கில் சின்னப் பிசகு இருந்தாலும் தூங்கிய கார்டு எழாது. சிக்னல் பலவீனமான வீட்டில் இது இன்னும் மோசம். இரண்டு அறை தாண்டி இருக்கும் கார்டு பீக்கனைத் தவறவிடும், தபால் ரூட்டரிலேயே தேங்கும், தேங்கியது ஒரு கட்டத்துக்கு மேல் குப்பைக்குப் போகும்.

சும்மா இருந்தால்தான் வம்பு

இந்தக் கோளாறுக்கு ஒரு விசித்திரமான அடையாளம் உண்டு. பெரிய கோப்பு இறக்கிக்கொண்டிருக்கும்போது, வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும். ஏனென்றால் வேலை இருக்கும்வரை கார்டு தூங்காது. ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தால், யோசித்துக்கொண்டிருந்தால், அப்போதுதான் அறும். 'ஸ்பீடு டெஸ்ட்' போட்டால் பிரமாதமான எண் வரும். கடைக்காரரிடம் கொண்டுபோனால் "கார்டு நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பித் தருவார். அவர் சொல்வதும் பொய்யில்லை. அவர் சோதிக்கும்போது கார்டு விழித்திருக்கிறது!

இப்போது இதை ஒரு மாணவர் நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018 இலிருந்து இணையம் வழியாக நடக்கத் தொடங்கியது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்தி, கெடு முடிவதற்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையில் பெரும்பகுதி நேரம் என்ன நடக்கும்? அப்பாவுக்கு ஒரு கருத்து, மாமாவுக்கு ஒரு கருத்து, மாணவருக்கு ஒரு கருத்து. அரை மணி நேரம் பேச்சு, ஒரு நிமிடம் தட்டச்சு. கார்டு தூங்குவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்து 'சேமி' பொத்தானை அழுத்தும்போது கார்டு குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். 2020, 2021 கொரோனா காலத்து இணைய வகுப்புகளிலும் இதே கதைதான். மைக்கை அணைத்துவிட்டு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையின் இணைப்பும் இப்படி அறுந்திருக்கலாம். "நெட்வொர்க் சரியில்லை சார்" என்று அந்தப் பிள்ளை சொன்னால் அதை நம்பியவர்கள் எத்தனை பேர்?

பட்டணத்தில் இருப்பவருக்கு ஒரு இணைப்பு போனால் இன்னொன்று உண்டு. இரண்டாவது மடிக்கணினி உண்டு, விவரம் தெரிந்த நண்பர் உண்டு. கடலோரச் சிற்றூரில் ஒரே மடிக்கணினி, அதற்கு இணைய வசதி தர ஒரே கைப்பேசி என்று இருக்கும் வீட்டில் இந்தச் சின்னப் பிசகு ஒரு வருடத்தையே புரட்டிப் போடலாம். ஒரே தவறு, ஆனால் விழுகிற அடி ஒன்றல்ல.

எவ்வளவுதான் மிச்சம்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு சாதாரண நெட்வொர்க் கார்டைத் தூங்க வைப்பதால் மிச்சமாவது ஒரு வாட்டுக்கும் குறைவு. அரை வாட் என்று வைத்துக்கொள்ளலாம். கணினி ஒரு நாளைக்கு 4 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 730 வாட் மணி, அதாவது முக்கால் யூனிட்கூட இல்லை. 75 வாட் மின்விசிறி பத்து மணி நேரம்கூட ஓடாது. இரவு பகலாக வருடம் முழுக்க ஓடினாலும் 4.38 யூனிட்தான். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016 இல் அறிவித்த மாநிலத்தில், ஒரு வருடத்துக்கு முக்கால் யூனிட்டைக் காப்பாற்ற கலந்தாய்வுப் பதிவைப் பணயம் வைப்பதா? கடுகு போகிற இடத்துக்குத் தடி எடுத்துக்கொண்டு திரிந்து, பூசணிக்காய் போகிற இடத்தைக் கோட்டைவிட்ட கதைதான்.

"ஒரு கார்டுக்கு அரை வாட், கோடிக்கணக்கான கார்டுகளுக்கு எவ்வளவு?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பத்து லட்சம் கார்டுகள் வருடம் முழுக்க விழித்திருந்தால் அது 43.8 லட்சம் யூனிட். இந்தக் கணக்கினால்தான் ஈஈஈ போன்ற தரங்களே பிறந்தன, பிறந்ததும் நல்லதே. ஆனால் இந்தக் கணக்கு ஒழுங்காகத் தூங்கி ஒழுங்காக எழும் கார்டுகளுக்கு மட்டும் பொருந்தும். ஒழுங்காக எழாத கார்டு சேமிப்பதும் இல்லை. இணைப்பு அறுந்து, கணினியை மறுபடி துவக்கி, விட்ட இடத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்ப இறக்கும்போது மிச்சம் பிடித்தது பல மடங்காகத் திரும்பச் செலவாகிறது.

அணைப்பது மூடநம்பிக்கை அல்ல

"எது வந்தாலும் பவர் சேவிங்கை ஆஃப் பண்ணு" என்று சொல்வதைச் சிலர் கைவைத்தியம் மாதிரி பார்ப்பார்கள். அப்படி இல்லை. டிரைவர் எழுதும் பொறியாளர்களே இதைச் செய்திருக்கிறார்கள்.

இன்டெலின் 82574 என்ற ஈதர்நெட் சில்லுக்கு லினக்ஸில் இ1000இ என்ற டிரைவர் உண்டு. ஏஎஸ்பிஎம் தூக்கத்தால் இந்தச் சில்லு தொந்தரவு தந்தது. இந்தத் தூக்கத்தில் எல்0எஸ், எல்1 என்று இரண்டு நிலைகள் உண்டு. முதலாவதை டிரைவர் ஏற்கெனவே அணைத்து வைத்திருந்தது. இரண்டாவதைச் சில நேரங்களில் மட்டும் அணைத்தது. 2012 இல் வந்த திருத்தம், எந்த நிலையிலும் இந்தச் சில்லுக்கு அந்தத் தூக்கம் வேண்டாம் என்று இரண்டையும் மூடிவிட்டது. சில வரி நிரல், காரணத்தோடு, யாரும் படிக்கும்படி திறந்தவெளியில் எழுதப்பட்டது.

இன்னொன்று அண்மைக் காலத்தது. இன்டெலின் 2.5 ஜிகாபிட் சில்லான ஐ226-வி பொருத்திய புது மதர்போர்டுகளில் இணைப்பு சில நொடிகள் அறுந்து அறுந்து வருவதாகப் பயனர்கள் முறையிட்டார்கள். 2023 இல் வந்த டிரைவர் திருத்தம் செய்த வேலை என்ன? அதிக வேகங்களில் ஈஈஈயை அணைத்து வைத்தது. முழுத் தீர்வு என்று யாரும் கொண்டாடவில்லை, நிவாரணம் மட்டுமே. ஆனாலும் சில்லு செய்த நிறுவனமே முதலில் கைவைத்த இடம் மின்சேமிப்பு என்பது கவனிக்க வேண்டியது.

அதே சமயம் இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மை இல்லை. 2011 இல் லினக்ஸ் 2.6.38 பதிப்பு வந்தபோது பல மடிக்கணினிகளில் பேட்டரி முன்னைவிட வேகமாகத் தீர்ந்தது. துருவித் துருவிப் பார்த்தால், ஏஎஸ்பிஎம் சரியாக ஓடாது என்று சந்தேகப்பட்டு நல்ல கணினிகளிலும் அதை நிறுத்தி வைத்ததுதான் காரணம். பின்னால் வந்த பதிப்பில் சரிசெய்தார்கள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அணைப்பதும் தவறு. 2012 இல் சென்னை தவிர்த்த பல மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல், அரசு தந்த இலவச மடிக்கணினியின் பேட்டரியை நம்பிப் படித்த மாணவர்களிடம் போய் "மின்சேமிப்பு வீண்" என்று சொல்ல முடியுமா? கைப்பேசியிலும் அப்படித்தான். வை-ஃபை தூங்காத கைப்பேசியின் பேட்டரி நாள் முழுக்கத் தாங்காது. நல்ல தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது, கெட்ட தூக்கத்தை விட்டுவைக்கவும் கூடாது.

கண்டுபிடிப்பது எப்படி, அணைப்பது எப்படி?

தசரா பத்து நாளும் லட்சக்கணக்கானவர்கள் ஒரே கடற்கரைக்கு வந்து சேரும்போது டவர் திணறினால் அதற்கு டிரைவர் பொறுப்பில்லை. முதலில் குற்றவாளி யார் என்று பார்க்க வேண்டும்.

கணினியைச் சும்மா விட்டுவிட்டு, வெளியுலகத்தை அல்ல, வீட்டு ரூட்டரை (பெரும்பாலும் 192.168.1.1 போன்ற முகவரி) ஐந்து நிமிடம் 'பிங்' செய்து பாருங்கள். பதில் 2, 3 மில்லிவினாடியில் சீராக வந்தால் கார்டு குற்றமற்றது, கோளாறு வெளியே. பதில் 3, பிறகு 90, பிறகு 110 என்று தாவினாலோ, நடுநடுவே பதிலே வராமல் போனாலோ தூக்கத்தைச் சந்தேகிக்கலாம். பிறகு மின்சேமிப்பை அணைத்துவிட்டு அதே இடத்தில், அதே ரூட்டரில், அதே ஐந்து நிமிடச் சோதனை. எண்கள் அடங்கிவிட்டால் ஆள் பிடிபட்டார். அடங்கவில்லை என்றால் திரும்பவும் பழையபடி வைத்துவிடுங்கள். அணைத்து வைத்ததில் பயன் இல்லை.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் போய், நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற தலைப்பின்கீழ் உங்கள் கார்டின் பண்புகளைத் திறந்தால் பவர் மேனேஜ்மென்ட் என்ற தாவல் இருக்கும். "மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தைக் கணினி அணைக்கலாம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். சில புதிய மடிக்கணினிகளில் இந்தத் தாவலே இருக்காது. பக்கத்து அட்வான்ஸ்டு தாவலில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்று இருந்தால் அவற்றையும் அணைக்கலாம். வை-ஃபைக்கு பவர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் அடாப்டர் பகுதியில் 'மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ்'. மின்னிணைப்பில் இருக்கும்போது ஒன்று, பேட்டரியில் இருக்கும்போது ஒன்று என்று தனித்தனியாக வைக்கலாம் என்பது இதன் நல்ல அம்சம்.

உபுண்டுவில் நெட்வொர்க்மேனேஜர் அமைப்புக் கோப்புகளில் ஒன்றின் பெயரே 'டீஃபால்ட் வைஃபை பவர்சேவ் ஆன்' என்பதுதான். உள்ளே 3 என்று இருக்கும் எண்ணை 2 ஆக்கிவிட்டு நெட்வொர்க்மேனேஜரை மறுபடி துவக்கினால் போதும். கம்பி இணைப்பில் ஈஈஈயை அணைக்க 'ஈத்டூல்' என்ற நிரல் உதவும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

யார் செய்ய வேண்டிய வேலை?

இவ்வளவு தூரம் போவது ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவரின் வேலையா? இல்லை. ஆங்கிலத்தில், ஐந்து சொடுக்குகளுக்கு அப்பால், பெயரைப் பார்த்தாலே ஏதோ நல்ல விஷயம் என்று தோன்றும் ஒரு டிக்கில்தான் இணைப்பின் உயிர் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? 'கிரீன்' என்று எழுதியிருப்பதை அணைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

இதில் ஒரு வியாபாரக் கணக்கும் இருக்கிறது. மடிக்கணினிப் பெட்டியின் மேல் பேட்டரி எத்தனை மணி நேரம் என்று அச்சிடுவார்கள். வாரத்துக்கு எத்தனை முறை இணைப்பு அறும் என்று எந்தப் பெட்டியிலும் அச்சிடுவதில்லை. அச்சிடப்படும் எண்ணைக் கூட்டுவதற்கு ஆள் உண்டு. அச்சிடப்படாத எண்ணைக் குறைக்க யாருக்கும் அவசரம் இல்லை.

ஆகவே கேட்க வேண்டியது மூன்று. ஒன்று, தூங்கி எழுவது உறுதி என்று சோதிக்கப்படாத சில்லில் இந்த வசதி அணைத்த நிலையிலேயே வர வேண்டும், வேண்டுபவர் இயக்கிக்கொள்ளட்டும். இரண்டு, தூக்கத்திலிருந்து எழாமல் இரண்டு மூன்று முறை இணைப்பு அறுந்தால் டிரைவர் தானாகவே அந்தத் தூக்கத்தைக் கைவிட்டுவிட்டு, அதைப் பயனருக்கும் சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய அறிவியல் ஒன்றும் தேவையில்லை. மூன்று, அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் "இதனால் இணைப்பு அறலாம்" என்று அவரவர் மொழியில் ஒரு வரி.

அதுவரைக்கும், விவரம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் செய்து கொடுப்பதுதான் வழி. பக்கத்து வீட்டுப் பிள்ளை "நெட் கட்டாகுது" என்று வந்து நின்றால் டவரைத் திட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் ரூட்டரைப் பிங் செய்து பார்க்கலாம். முக்கால் யூனிட் மின்சாரத்துக்காக ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்தைப் பணயம் வைக்கும் உரிமை எந்த டிரைவருக்கும் இல்லை.